போகாத பரங்கிப்பேட்டை

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஜோதியம்மாள் கடை வைத்திருந்தாள். கடை என்றால் நான்கு கம்பு, மேலே தகரம், ஒரு பெஞ்சு, ஒரு அடுப்பு. மற்ற நாளில் டீ. பௌர்ணமிக்குச் சுக்குக் காபியும் அவித்த மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும். பின்னால் இரண்டு அறை வீடு. புருஷன் ஆதிமூலம் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பிறகு, மகன் இளவரசனையும் மகள் அறிவுமதியையும் அந்த அடுப்பின் முன்னால் நின்றே ஆளாக்கினாள்.

கொஞ்சிப் பேசத் தெரியாதவள். காலையில் அறிவுமதி கல்லூரிக்குக் கிளம்பினால் மற்ற அம்மாக்களைப் போல வாசலில் நின்று பார்க்க மாட்டாள். கையில் இருக்கும் கரண்டியைக் கோழி விரட்டுவது போல வீசி, "போ போ, பஸ்ஸு போயிடப் போவுது" என்பாள். அவ்வளவுதான் வழியனுப்பு.

அறிவுமதி விலங்கியல் எடுத்தது ஆசைப்பட்டு அல்ல. நர்சிங் கிடைக்கவில்லை, இது கிடைத்தது. கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சீசாவுக்குள் வெளுத்துப்போன ஒரு கடல்புழு இருந்தது. நெரீஸ் என்று பெயர். அதைப் பார்த்துப் படம் வரைந்து, பாகம் குறித்து, மார்க்கும் வாங்கியிருந்தாள். ஆசை வந்தது மூன்றாம் வருடம், பரங்கிப்பேட்டைக்குச் சுற்றுலா போனபோது.

வெள்ளாறு கடலில் சேரும் இடம். கடல் உள்வாங்கித் தண்ணீர் வடிந்திருந்தது. முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்தான் இவர்களைச் சேற்று வெளிக்குக் கூட்டிப்போனாள். "காலை ஓங்கி வைக்காதீங்க. அதிர்வு தெரிஞ்சா உள்ளே போயிடும். ஒரே இடத்துல நின்னு பாருங்க, அதுவா வரும்" என்றாள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அறிவுமதி நின்றாள். வெகுநேரம் கழித்து ஒரு துளையிலிருந்து அது தலை நீட்டியது. வெயில் பட்டதும் முதுகில் செம்பும் பச்சையும் மாறி மாறி ஓடின. இரண்டு பக்கமும் துடுப்புப் போல நூறு கால்கள். சீசாவுக்குள் இருந்தது பிணம், இத்தனை நாள் பிணத்தைத்தான் படித்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கேயே வந்து கடல் உயிரியல் படிக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஆராய்ச்சி என்று இந்தச் சேற்றிலேயே கிடக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

ஊரில் சிரித்தார்கள். கடலே இல்லாத ஊரிலிருந்து கடல் படிப்பா என்றார்கள். அம்மாவின் தங்கை சரோஜா வேங்கிக்காலில் இருந்தாள், கலெக்டர் ஆபீசில் கூட்டுகிற வேலை. அவள் வாய்க்கு யாரும் தப்ப முடியாது.

"ஏண்டி, புழுவைப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம்? உங்கம்மா அரிசி மூட்டையைப் பிரிச்சிப் பாரு. தெனுசு தெனுசா கெடைக்கும்."

"அது புழு இல்ல சித்தி, வண்டு."

"பாத்தியா, இப்பவே எனக்குப் பாடம் எடுக்கறா."

இடம் கிடைத்தது. ஜோதியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. டீ குடிக்க வந்தவர், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர், பூக்காரி என்று ஒருவரையும் விடவில்லை.

"எம்பொண்ணு அண்ணாமலை யுனிவர்சிட்டில படிக்கப் போறா."

"அப்படியா! எந்தப் பக்கம் அது?"

"வேங்கிக்காலாண்டதான். கலெக்டர் ஆபீசுக்கு அந்தாண்ட."

கேட்டவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். திருவண்ணாமலையில் லாட்ஜுக்கும் மருந்துக் கடைக்கும் மாவு மில்லுக்கும் அதே பேர்தான். அண்ணாமலை என்றால் அது இந்த ஊரில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? அறிவுமதி உள்ளிருந்து இதைக் கேட்டாள், திருத்தவில்லை. அம்மா மேலும் நாலு பேரிடம் சொன்னாள். அப்போதும் திருத்தவில்லை.

ஆனி மாதத்துப் பௌர்ணமிக்கு முன்னால், அம்மாவும் மகளும் உட்கார்ந்து மல்லாட்டை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒருவழியாகச் சொன்னாள்.

"அம்மா, அது இங்க இல்லம்மா."

"எது?"

"யுனிவர்சிட்டி. சிதம்பரத்துல கீது. எனக்குப் படிப்பு அதுக்கும் அந்தாண்ட, பரங்கிப்பேட்டையில. கடலோரம்."

ஜோதியம்மாளின் கை தண்ணீருக்குள் நின்றது. "அண்ணாமலைன்னு சொன்னியே?"

"பேருதாம்மா அண்ணாமலை."

"அப்ப சாயங்காலம் வூட்டுக்கு வரமாட்டே?"

"ஹாஸ்டல்மா. லீவுக்கு வருவேன்."

"ஊரெல்லாம் வேங்கிக்கால்னு சொல்லி வச்சிருக்கேனே, சிரிக்க மாட்டானுங்க?" என்றாள். பிறகு கழுவி முடித்தாள். கூடையைத் தூக்கி வடிய வைத்தாள்.

"போவட்டுமாம்மா?"

"பௌர்ணமி முடியட்டும். சொல்றேன்."

அந்தப் பதில் வரவே இல்லை.

பௌர்ணமியன்று பொழுது சாய்ந்ததும் கூட்டம் நிரம்பியது. ஜோதியம்மாள் சுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து டம்ளர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தாள். அறிவுமதி ஓடிவந்து பார்த்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது, உள்ளே வர வழி இல்லை. பக்கத்துக் கடை சக்கரவர்த்தி பழ வண்டியைக் காலி செய்து கொடுத்தார். அதில் படுக்க வைத்துத் தள்ளினார்கள். வழி விடுங்க, வழி விடுங்க என்று அறிவுமதி கத்தினாள். சுற்றிலும் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்ற முழக்கத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வண்டியில் படுத்திருந்தவளைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்துச் சிலர் கும்பிடவும் செய்தார்கள். மெயின் ரோடு வரும்வரை ஜோதியம்மாளின் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். சீக்கிரம் வர முடியாமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

சில நாள் கழித்து ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள்.

"அரோகரா."

வார்டில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரோஜா, "தெய்வமே, எங்கக்காவுக்குப் பேச்சைக் குடுத்துட்டியே" என்று அழுதாள். ஜோதியம்மாள் தண்ணீர்ச் சொம்பைக் காட்டி அரோகரா என்றாள். படுக்கை நனைந்ததற்கும் அரோகரா என்றாள். மகன் வந்து நின்றதற்கும் அதையே சொன்னாள். அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது.

நர்சம்மா கஸ்தூரிக்கு இது புதிதல்ல. "சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மிஞ்சும். போன மாசம் ஒருத்தரு இருந்தாரு. பொண்டாட்டி வந்தாலும் 'போடா', பெரிய டாக்டர் வந்தாலும் 'போடா'. உங்கம்மா எவ்ளோ தேவலை" என்றாள். பிறகு அறிவுமதியின் தோளைத் தொட்டு, "அவங்க நெனைக்கிறது வேற, வாயில வர்றது இது. வார்த்தையைக் கேக்காதே. கொரலைக் கேளு, கையைப் பாரு" என்றாள்.

நல்ல யோசனை. ஆனால் பிடிபட நாளாகும். அறிவுமதிக்கு நாள் இல்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் போட்டாயிற்று. விழுந்த கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோள் கழன்றுவிடும். பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இருந்தால் அந்த இடத்தில் புண் வரும். தண்ணீரை அப்படியே ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், கஞ்சியில் கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால்தான் தர வேண்டும். இதையெல்லாம் கற்றுக்கொள்வதிலேயே ஆனி போய் ஆடி பிறந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து பேராசிரியர் ஒருவர் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரவில்லை என்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்.

போக முடியாத நிலை இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சரோஜா வாய்தான் துடுக்கு, மனசு அப்படியல்ல. "போறதுன்னா போ. நா இங்கயே வந்து இருந்துக்கறேன். கூட்டற வேலை எங்க போயிடப் போவுது" என்றாள். இளவரசன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருந்தான், மனைவி பொன்னி பிள்ளைத்தாய்ச்சி. அவனும் போனில் அழுதுகொண்டே, "நீ போ பாப்பா, மாசாமாசம் அனுப்பறேன்" என்றான்.

"ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க" என்றாள் சரோஜா. "கேக்காம போனேன்னு நாளைக்கு மனசு அடிச்சிக்கக் கூடாது."

ஒரு வார்த்தை. ஜோதியம்மாளிடம் இருந்ததும் அது ஒன்றுதான்.

அறிவுமதி கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, பரங்கிப்பேட்டை. பௌர்ணமி முடிஞ்சி சொல்றேன்னியே. நா போவட்டுமா?"

ஜோதியம்மாள் மகளை உற்றுப் பார்த்தாள். பிடித்திருந்த கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அந்தக் கையை வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசி, வெட்டினாற்போல, "அரோகரா" என்றாள். அதுவரை அவள் அந்தச் சொல்லை அப்படிச் சொன்னதில்லை.

அறிவுமதி திரும்பிச் சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளே சொல்லிட்டாளேடி. கையை எப்படி ஒதறுனா பாத்தியா? 'உன் படிப்பு அரோகரா'ங்கறா. அவ்ளோதான், முடிஞ்சிதுங்கறா. இதுக்கு மேல இன்னா கேக்கணும்?"

சரோஜா பொய் சொல்லவில்லை. கடை நொடித்துப் போனாலும் மாப்பிள்ளை ஓடிப் போனாலும் அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்: எல்லாம் அரோகரா. அவளுக்கு அந்த அர்த்தம்தான் முதலில் தோன்றியது. அறிவுமதி இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சேற்று வெளியில் ஒரு புழுவுக்காக அவ்வளவு நேரம் அசையாமல் நின்றவள், அன்றைக்கு நிற்கவில்லை. அம்மாவை விட்டுப் போக அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. பயந்திருக்கிறவளுக்கு எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் காதில் விழும்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் மறுபடி அழைத்தார். "வரல சார். அம்மா வேணாம்னுட்டாங்க" என்றாள். அவர் சரிம்மா என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு கடையையும் அம்மாவையும் அவளே பார்த்துக்கொண்டாள். கட்டிலைப் பகலில் கடைக்குப் பின்னால் காற்று வரும் இடத்தில் போடுவாள். மெல்ல மெல்லக் குரல் பிடிபட ஆரம்பித்தது. முதல் எழுத்தை இழுத்து, அதோடு உதட்டையும் நாக்கால் தடவினால் தண்ணீர். கடைசி எழுத்து மேலே ஏறினால் வலி. பாதி மூச்சில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னால் துணி நனைந்துவிட்டது என்று அர்த்தம். டீயில் தண்ணீர் ஜாஸ்தி, தூள் கம்மி என்பதற்குத் தனியாக ஒன்று இருந்தது. அது கிட்டத்தட்டத் திட்டு. அதைக் கேட்டால் அறிவுமதிக்குச் சிரிப்பு வரும்.

வழியில் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா? ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த சென்னை அம்மாள் ஒருத்தி டீ குடிக்க வந்தவள், உள்ளிருந்து வந்த சொல்லைக் கேட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா வேற பேச்சே பேசறதில்லையா?"

"இல்லீங்க."

"எத்தனை பெரிய சாதனை! ஆசீர்வாதம் வாங்கிக்கலாமா?"

"துணி மாத்தணும்ங்க. அதைத்தான் சொல்றாங்க. கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள் அறிவுமதி.

சரோஜாவுக்கு இதில் வருத்தம். "ஒரு தட்டு வச்சி, பக்கத்துல விபூதியும் வச்சா இன்னா கொறைஞ்சி போவுது? ஊருல பேசறவன்லாம் சாமியாராயிட்டான். எங்கக்கா அதே வார்த்தையை நாள் பூரா சொல்றா."

"தட்டு வச்சே, உன்னையும் கட்டில்ல போட்டு உக்கார வச்சிடுவேன் சித்தி."

"எனக்கு வாய் அடங்காதுடி. எவன் கும்பிடுவான்?"

ஊரில் சாவி தொலைந்தால் அழுகிறவர்கள் உண்டு. அறிவுமதி அழுது யாரும் பார்த்ததில்லை. பௌர்ணமி தோறும் பேப்பரில் 'மனிதக் கடல்' என்று போடுவார்கள். அதை மட்டும் அவள் படிக்காமல் புரட்டிவிடுவாள். அடுத்த வருடம் விண்ணப்பம் போடும் காலம் வந்தது, கூடப் படித்த சாம்பவி நினைவுபடுத்தினாள். அறிவுமதி போடவில்லை. அம்மா வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதானே, ஒவ்வொரு வருடமும் கேட்டு நச்சரிக்க வேண்டுமா என்று விட்டுவிட்டாள்.

அந்த வருடம் புரட்டாசியில் இளவரசன் பொன்னியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். இரண்டு நாள் இருந்தார்கள். ஜோதியம்மாள் குழந்தையை நல்ல கையால் தடவித் தடவிப் பார்த்தாள். கிளம்புகிற அன்று சாயங்காலம் சரோஜாவும் வந்திருந்தாள். அறிவுமதி அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். இளவரசன் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, கிளம்ப மனசில்லாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போய்ட்டு வரட்டுமாம்மா?"

ஜோதியம்மாள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். வெளிப்பக்கமாக ஒரு வீசு வீசினாள். வெட்டினாற்போல, "அரோகரா."

அதே குரல், அதே கை. வாசற்படியில் நின்ற அறிவுமதிக்கு, இத்தனை நாளாக அம்மாவின் குரலை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பழகிய அந்தக் காதுக்கு, இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கையில் ஒரு கரண்டி மட்டும்தான் குறைந்தது. போ போ, பஸ்ஸு போயிடப் போவுது.

இளவரசனுக்கே அது புரிந்திருந்தது. "விரட்டுதுபா அம்மா" என்று சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டான்.

அறிவுமதி பையைக் கீழே வைத்தாள். பொன்னி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அறிவு, ஒருமாதிரி ஆயிட்ட? நாங்க போறோம்னா?" என்றாள்.

சரோஜா முந்திக்கொண்டாள். "அவளுக்கு இன்னா கொறை? மகராசி, பெத்தவ பக்கத்துலயே கீறா. கடலுக்குப் போறேன்னு நின்னவதானே இவ. எங்கக்கா இருக்கற ஒரே வார்த்தையில நிறுத்திட்டா இல்ல? நாந்தான் பக்கத்துல இருந்தேன், எங்காதால கேட்டேன். இல்லன்னா இந்நேரம் எந்தச் சேத்துல புழு நோண்டிக்கிட்டு இருப்பாளோ. அப்படித்தானேடி?"

சரோஜாவுக்கு அப்போது சர்க்கரை ஏறியிருந்தது. வாரத்தில் பாதி நாள் வேங்கிக்காலிலிருந்து பஸ் பிடித்து வந்து, அக்காவைக் குளிப்பாட்ட ஒரு பக்கம் பிடித்துவிட்டுப் போகிறவள்.

"ஆமா சித்தி" என்றாள் அறிவுமதி.

அவர்கள் போனார்கள். சரோஜாவையும் அதே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, அடுப்பை அணைத்தாள். பெஞ்சைத் துடைத்தாள். எச்சில் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலருகே, அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் போகலாமே என்று சொல்வது சுலபம். அன்றைக்குக் கட்டில் புதிது, உடம்பில் புண் இல்லை, சரோஜாவுக்குத் தெம்பு இருந்தது, இளவரசனுக்குக் குழந்தை இல்லை. இப்போது அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க இந்த வீட்டில் இருப்பது இவளுடைய இரண்டு கை மட்டும்தான். இது அறிவுமதிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்தது போவதற்காக அல்ல. கேட்பதற்காக.

"அம்மா."

ஜோதியம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பரங்கிப்பேட்டைக்குப் போவட்டுமான்னு கேட்டேனே. நீ போன்னுதான் சொன்னியா?"

இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ இரண்டு பேர் மலையைச் சுற்றிக்கொண்டு பேசியபடி போனார்கள், அவர்கள் குரலும் தேய்ந்தது. ஜோதியம்மாள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஏதோ வருவது போல இருந்தது. உதடு பிரிந்தது.

"அ...ரோகரா."

முதல் எழுத்து நன்றாக இழுத்து வந்தது. நாக்கு நீண்டு காய்ந்த உதட்டைத் தடவியது.

அறிவுமதி எழுந்தாள். தண்ணீரில் கஞ்சியைக் கலந்து கெட்டியாக்கினாள். அம்மாவின் தலைக்குக் கீழே இன்னொரு தலையணையை வைத்து நிமிர்த்தினாள். புரையேறாமல், கரண்டி கரண்டியாக, ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுத்தாள்.